கல்லறைக்குச் சாதி கேட்காத நாட்டில் குழம்புக்குச் சாதி கேட்கிறார்கள்

ஆண்டுக்கு ஒருமுறை சுவீடன் வரித்துறையிடமிருந்து எனக்கு ஒரு கணக்கு வருகிறது. இங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர். ஆகவே என் சம்பளத்திலும் வரி பிடிக்கிறார்கள். முதல் ஆண்டு அந்தக் கணக்கைப் பார்த்தபோது ஓர் இனம் புரியவில்லை. கூட வேலை செய்யும் சுவீடன் தோழியிடம் காட்டினேன். “அதுவா? நீ செத்தால் புதைப்பதற்கு” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள்.

உண்மைதான். இந்த நாட்டில் பதிவு பெற்று வாழ்ந்து வருமானம் ஈட்டும் ஒவ்வொருவரும் அடக்கக் கட்டணம் கட்டுகிறார்கள். பெரும்பாலான ஊர்களில் அது வருமானத்தில் ஏறத்தாழ 0.3 விழுக்காடு. சுவீடன் திருச்சபையின் உறுப்பினர் கட்டணம் வேறு. அதை உறுப்பினர்கள் மட்டும் கட்டினால் போதும். அடக்கக் கட்டணம் அப்படியல்ல. கிறித்தவர், முஸ்லிம், இந்து, கடவுளே இல்லை என்பவர் எல்லாருக்கும் பொது. பதிலுக்கு, இறந்தால் 25 ஆண்டுகளுக்கு ஒரு கல்லறை இடம் உண்டு. புதைக்கவோ எரிக்கவோ தனிச் செலவில்லை. உடலை வைத்திருக்க இடமும், மதச் சின்னம் எதுவும் இல்லாத அஞ்சலிக் கூடமும் உண்டு. ஸ்டாக்ஹோமும் திரனோசும் தவிர மற்ற எல்லா இடங்களிலும் இந்தப் பொறுப்பு திருச்சபையிடம்தான் இருக்கிறது. இருந்தும், நீ எங்கள் ஆளா என்று அது கேட்கக் கூடாது.

அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

என் அப்பா இறந்தது ஓர் ஐப்பசி மழையில். எங்கள் குடும்பம் காவிரிக் கடைமடையில் நான்கு தலைமுறையாக லுத்தரன் சபையைச் சேர்ந்தது. ஊரில் கல்லறைத் தோட்டம் இரண்டு. ஒன்று கோயிலை ஒட்டி, மதில் சுவரோடு. மற்றது வாய்க்காலுக்கு அப்பால், வயலைத் தாண்டி. எங்களுக்கு இரண்டாவது. நான் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் சேற்றில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் தார்ச்சாலை இருந்தது. அது ஊர்த் தெரு வழியாகப் போகிறது. ஆறு வயதிலிருந்து தன்னோடு ஒரே கிறிஸ்துவைக் கும்பிட்டவர்களின் வீட்டு வாசல் வழியாக என் அப்பாவின் பிணம் போக முடியவில்லை.

இது ஏதோ என் ஒருத்தியின் கதை அல்ல. 2019இல் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் பாதை அடைக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சியை நாடே பார்த்தது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பி வைத்திருப்பதை எதிர்த்து எத்தனை போராட்டங்கள் நடந்தன! செத்தவர்களுக்குள் சுவர் கட்டும் நாட்டிலிருந்து வந்தவளுக்கு, அந்த 0.3 விழுக்காடு வெறும் கணக்காகத் தெரியவில்லை.

இப்போது குழம்புக்கு வருகிறேன்.

நான் உப்சாலாவில் மண்ணியல் ஆராய்ச்சி செய்கிறேன். டிசம்பரில் இங்கே பிற்பகல் மூன்று மணிக்குள் இருட்டிவிடும். நாளெல்லாம் ஆங்கிலம், கடைகளில் சுவீடிஷ், அறைக்கு வந்தால் அமைதி. அம்மா தொலைபேசியில் கேட்பார்: “கோயிலுக்குப் போனியா? ஜெபம் பண்ணினியா?” நான் அதிகம் ஜெபிப்பவள் அல்ல. அம்பேத்கரைப் படித்த பிறகு என் விசுவாசம் பல இடங்களில் ஓட்டையாகிவிட்டது. ஆனாலும் அந்த இருட்டில் நாலு பேர் சேர்ந்து தமிழில் ஒரு கீர்த்தனை பாடினால் கேட்க வேண்டும்போல இருந்தது. இதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். மனிதருக்கு மதம் வேண்டும், ஆனால் அது மனிதரை மனிதராக நடத்த வேண்டும் என்பதற்காகத்தானே 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றார்?

ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு தமிழ்க் கூடுகை மாதம் ஒருமுறை நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சுவீடன் திருச்சபையின் கூடம் ஒன்றை வாங்கி நடத்துகிறார்கள். பாட்டு, ஜெபம், பிரசங்கம், பிறகு சாப்பாடு. ஆளுக்கு ஒரு பண்டம் சமைத்து வர வேண்டும். நான் சால்மன் மீனில் புளி ஊற்றி அம்மா வைப்பதுபோலக் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். மூன்று மாதமும் சட்டி காலியாகத் திரும்பியது. வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். பாடகர் குழுவில் சேர்த்தார்கள்.

நான்காம் மாதம் ஓர் ஆன்ட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோத்தன்பர்க்கில் ஒரு நல்ல பையன் இருக்கிறானாம். “உங்களுக்கு எந்தச் சேகரம்மா? கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு?” சாதி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை. பக்கம் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி. காலனி.”

“ஓ...” என்றார். அப்புறம் குளிரைப் பற்றிப் பேசினார்.

ஐந்தாம் மாதம் என் சட்டி நிறைந்தபடியே திரும்பியது. ஆறாம் மாதம், யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல் கைப்பேசியில் வந்தது. ஒருவருக்குப் பிரியாணி, ஒருவருக்கு வடை, ஒருவருக்குப் பாயாசம். என் பெயருக்கு நேராக: பேப்பர் தட்டு, டம்ளர்.

கேட்டேன். மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ படிக்கிற பொண்ணு, உனக்குச் சிரமம் வேணாம்னுதான்.” அதே பட்டியலில் என்னைப்போலவே ஆராய்ச்சி செய்கிற, சோறு வடிக்கவே தெரியாத ஒரு தம்பிக்குக் கோழி வறுவல் போட்டிருந்தார்கள். அந்தத் தம்பியின் வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்.

தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தவனைப் பிடித்துச் சட்டத்தின் முன் நிறுத்தலாம். பேப்பர் தட்டு வாங்கி வரச் சொன்னவரை என்ன செய்வீர்கள்? யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. ‘ஸ்தோத்திரம் சிஸ்டர்’ என்று கை குலுக்கவும் செய்தார்கள். படித்தவர்களின் தீண்டாமை இப்படித்தான் இருக்கும். அதற்கு எப்போதும் ஒரு கரிசனமான காரணம் கைவசம் இருக்கும்.

அந்தக் கூடத்தைக் கொடுத்திருக்கும் சபையின் சுவீடன் போதகரிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண்மணி. முழுதும் கேட்டுவிட்டு, குழம்பிப்போய்க் கேட்டார்: “ஆனால் நீங்கள் எல்லோரும் இந்தியர்கள்தானே? எல்லோரும் லுத்தரன்கள்தானே?”

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவர் சார்ந்த திருச்சபைக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தமிழ் லுத்தரன்களின் வரலாற்றில் சுவீடனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1921இல் அதன் முதல் பேராயரானவர் எர்னஸ்ட் ஹியூமன், ஒரு சுவீடன்காரர். அவருக்குப் பின் வந்த இருவரும் சுவீடன்காரர்களே. 1956இல்தான் இராஜா பி. மாணிக்கம் முதல் இந்தியப் பேராயரானார். முப்பத்தைந்து ஆண்டுகள் எங்கள் சபையின் தலைமை சுவீடன்காரர்களிடம் இருந்தது. எங்கள் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருந்தது அவர்கள் கண்ணில் படவில்லையா?

அதற்கும் முன்பே போகலாம். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அந்த மிஷனில் 1733இல் இந்தியர் ஒருவருக்கு முதன்முதலாகக் குருப்பட்டம் கொடுத்தார்கள். ஆரோன் என்ற வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்த இராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். பறையர் குலத்தில் பிறந்தவர். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் கையால் வேளாளக் கிறித்தவர்கள் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டார். தஞ்சைப் பகுதியின் மேல்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களில் பலர் பின்னர், சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷன் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மிஷனோடு கைகோத்துத்தான் சுவீடன் மிஷனரிகளும் தமிழ்நாட்டில் வேலை செய்தார்கள்.

ஆகவே என் குழம்பு ஏன் தீண்டப்படவில்லை என்பதற்கான பதில் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. இராஜநாயக்கன் கையிலிருந்து அப்பத்தை வாங்க மறுத்த அதே வாய்தான் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து என் குழம்பையும் மறுக்கிறது. அன்று அந்த வாய்க்குப் பணிந்துபோன சபையின் வாரிசுகள்தான் இன்று ‘எல்லோரும் இந்தியர்கள்தானே’ என்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் ஓர் இந்து நண்பருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பாத்தியா, உங்க மதத்துலயும் சாதி இருக்குல்ல!” என்றார். இருக்கிறது. இருப்பதால்தான் எழுதுகிறேன். ஆனால் நண்பரே, அது எங்கிருந்து வந்தது? பைபிளோடு கப்பலில் வந்து இறங்கியதா? மதம் மாறி வந்தவர்கள் மனுவை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வராமல் இடுப்பில் முடிந்துகொண்டு வந்தார்கள். உங்கள் பக்கம் மட்டும் சுத்தமா? இந்த நகரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தியர்கள் உள்வாடகைக்கு விடும் அறைகளுக்கான அறிவிப்பில் ‘சுத்த சைவம் மட்டும்’ என்று நான் எத்தனை முறை பார்த்துவிட்டேன்! ‘உங்கள் முழுப்பெயர் என்ன?’ என்று வடநாட்டு சகாக்கள் எத்தனை முறை கேட்டுவிட்டார்கள்! 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண்ணிலிருந்து வந்தவள் நான். என் முழுப்பெயர் என் பெயரும் என் அப்பா பெயரும்தான். சுவீடன் வரித்துறைக்கு அது போதுமானதாக இருக்கிறது. அந்த சகாக்களுக்குப் போதவில்லை.

இன்னொரு வகை அறிவுரையும் உண்டு. “வெளிநாட்டுல வந்து நம்ம மானத்த வாங்காதம்மா. இங்க யாரும் சாதி பாக்கறதில்ல.” யாருடைய மானம்? தட்டு வாங்கி வரச் சொன்னபோது போகாத மானம், அதை எழுதும்போது மட்டும் எப்படிப் போகிறது? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதி பற்றிய தன் ஆய்வுரையை வாசித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. இந்துக்கள் உலகின் பிற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினையாகிவிடும் என்று கேட்கர் சொன்னதை அவர் அன்றே எடுத்துக்காட்டினார். 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அங்கே சாதி இல்லாமலா சட்டம் வந்தது?

சுவீடனைச் சொர்க்கமாகக் காட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. நான் தினமும் சைக்கிளில் சுற்றும் இதே உப்சாலாவில்தான் 1922இல் அரசே இனஉயிரியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அதன் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க், வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடி மக்களின் மண்டை ஓடுகளை அளந்து, அவர்களை நிர்வாணமாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து, தாழ்ந்த இனம் என்று எழுதினார். 1934இல் கருத்தடைச் சட்டம் வந்தது. 1970களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 63,000 பேருக்குக் கருத்தடை செய்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பலருக்கு வற்புறுத்தியே செய்தார்கள். விரும்பினால் எந்தச் சபையிலும் சேராமல் அரசுத் திருச்சபையிலிருந்து விலகலாம் என்ற உரிமையே 1951 சட்டத்தில்தான் கிடைத்தது. திருச்சபை அரசிடமிருந்து பிரிந்தது 2000இல்.

இந்த நாட்டுக்காரர்கள் பிறவியிலேயே நல்லவர்கள் என்பதல்ல விஷயம். ஒடுக்கப்பட்டவர்கள் கேட்டார்கள், போராடினார்கள், சட்டம் மாறியது. சாமி மக்களும் விடவில்லை. 2021இல் உப்சாலா பேராலயத்தில் சுவீடன் திருச்சபையின் பேராயர் சாமி மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். திருச்சபை அவர்களுக்கு இழைத்த கொடுமைகளைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது. மன்னிப்பால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சாமி மக்களே சொல்லவில்லை. ஆனால் நம் மண்ணில் எந்த மடம் மன்னிப்புக் கேட்டது? எந்த ஆதீனம் கேட்டது? தீண்டாமையைக் கல்லறை வரை கொண்டுபோன எந்தச் சபை எங்கள் தெருவுக்கு வந்து தலைகுனிந்தது?

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது சுவீடன் அரசுக்கு. உங்கள் 2008ஆம் ஆண்டுப் பாகுபாடு ஒழிப்புச் சட்டத்தில் ஏழு காரணங்கள் இருக்கின்றன: பால், பாலின அடையாளம், இனம், மதம், மாற்றுத்திறன், பாலியல் நாட்டம், வயது. சாதி என்ற சொல் இல்லை. இனம் என்பதற்குள் அதுவும் அடங்கும் என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் பாதிக்கப்பட்டவள் முதலில் வழக்கறிஞரிடமா போவாள்? சட்டத்தில் தன் துன்பத்துக்குப் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். சாப்பாட்டுப் பந்திக்குள் சட்டம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பந்தியில் சட்டியை ஒதுக்குகிறவர்கள்தான் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் குழுத் தலைவர்கள். அவர்கள்தான் ஆள் எடுக்கிறார்கள், பதவி உயர்வுக்குப் பெயர் எழுதுகிறார்கள், அறையை உள்வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே சட்டம் வரும், வர வேண்டும்.

இரண்டாவது சுவீடன் திருச்சபைக்கு. சாமி மக்களிடம் காட்டிய நேர்மையை எங்களிடமும் காட்டுங்கள். தமிழ்ச் சபையைத் தலைமை தாங்கி நடத்திய காலத்தில் சாதியோடு நீங்கள் செய்துகொண்ட சமரசங்களை வெளிப்படையாகப் பேசுங்கள். இன்று உங்கள் கூடங்களை வாங்கி நடத்தும் கூடுகைகளில், பெண் போதகரை ஏற்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் சும்மா இருப்பீர்களா? 1958இலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் என்று முடிவு செய்தவர்கள் நீங்கள். அதே கண்டிப்பைச் சாதி விஷயத்தில் காட்ட எது தடுக்கிறது? ‘எல்லோரும் இந்தியர்கள்தானே’ என்ற அறியாமை இனியும் அறியாமையாக இருக்க முடியாது. நான் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது நம் ஆட்களுக்கு. வெளிநாட்டுக்கு வந்த தலித் பிள்ளைகளே, நம்மில் பலர் இங்கே ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்கிறோம். பக்கத்து டவுன் பெயரைச் சொல்லித் தப்பிக்கிறோம். நானும் பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன். அதில் வெட்கப்பட நமக்கு ஒன்றும் இல்லை. கேட்கிறவன்தான் வெட்கப்பட வேண்டும். ‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது, நல்லதுதான். ஆனால் சொல் போனாலும் ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி போகாது. அந்தக் கேள்விக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்லப் பழகுவோம். ஒருவர் தனியாகச் சொன்னால் சட்டி ஒதுங்கும். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் கூடுகையின் பட்டியலை மாற்றி எழுத வேண்டி வரும்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அங்கயுமாடி?” என்றார். பிறகு, “நீ போவாம இருந்துடாத. அது அவங்க வூட்டுக் கோயில் இல்ல” என்றார். என் அப்பாவின் பெட்டிக்குப் பின்னால் சேற்றில் நடந்து வந்தவர் அவர்.

போகத்தான் போகிறேன். அடுத்த மாதமும் மீன் குழம்புதான் கொண்டுபோவேன். மேசையின் நடுவில் வைப்பேன். தொடாதவர்கள் யார் யார் என்று அவர்களும் பார்க்கட்டும், அந்தச் சுவீடன் போதகரையும் சாப்பிட அழைத்திருக்கிறேன், அவரும் பார்க்கட்டும். பேப்பர் தட்டை வேறு யாராவது வாங்கி வரட்டும்.